ஐந்தாம் இருக்கை

'கழகம்' என்னும் சொல்லை நம் முன்னோர் பலவாறு ஆண்டுள்ளனர். வள்ளுவர் சூது பற்றிய அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் கழகம் என்கிறார். கம்பரோ கலை பயிலும் இடத்தை அதே சொல்லால் சுட்டுகிறார். இன்று பல்கலைக்கழகமும் விளையாட்டுக் கழகமும் அச்சொல்லைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. கல்விக்கும் ஆட்டத்திற்கும் ஒரே சொல்லா என்று குருமாணவனாய் இருந்த நாளில் நான் வியந்ததுண்டு. மனிதர் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக் கூடும் இடம் எதுவோ அதுவே கழகம் என்று, முப்பத்தொன்றாம் வயதில், நம் மண்ணிலிருந்து வெகு தொலைவில், ஒரு குளிர்ந்த ஆற்றங்கரையில் உணர்ந்துகொண்டேன்.

2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஆயரின் விருப்பப்படி மேற்படிப்புக்காக ஆக்ஸ்போர்டு சென்றேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் பங்குப் பணி செய்திருந்தேன். பங்கில் ஒரு குருவானவர் தனித்திருப்பது அரிது. விடியற்காலைத் திருப்பலி முதல் இரவு வரை கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆக்ஸ்போர்டில் என் அறைக் கதவை மூன்று வாரம் எவரும் தட்டவில்லை. எவரும் கடுமையாய் நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படிக்கட்டில் எதிர்ப்பட்டோர் புன்னகைத்தனர்; வானிலை பற்றி இரண்டு சொற்கள் பேசினர்; கடந்து சென்றனர். நூலகத்தில் அருகருகே நாற்பது பேர் இருந்து படித்தோம். நான் ஒருநாள் வராமற்போனால் அந்த நாற்பதின்மருள் ஒருவரும் அறியப்போவதில்லை என்னும் எண்ணம் ஒரு மாலைப்பொழுதில் வந்தது. தனிமை என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

அங்கே கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய மாணவர்களுக்கென ஒரு சந்தை கூடும். சந்தை என்று நான் சொல்வது மிகையன்று. நம் திருவிழாக் கடைகளைப் போல மேசைகளை வரிசையாகப் போட்டு, சதுரங்கம் முதல் மலையேற்றம் வரை ஒவ்வொரு கழகத்தாரும் ஆள் சேர்ப்பர். அந்த ஆண்டு படகுக் கழகங்களின் மேசைகளில் கூட்டம் மிகுதி. சிட்னி ஒலிம்பிக்கில் ஸ்டீவ் ரெட்கிரேவ் தொடர்ந்து ஐந்தாம் முறையாகத் தங்கம் வென்றும், பிரித்தானிய எண்மர் படகு முதலிடம் பெற்றும் சில வாரங்களே ஆகியிருந்தன. எங்கள் கல்லூரிப் படகுக் கழகத்தின் மேசை மீது நீண்ட துடுப்பு ஒன்று கிடந்தது. என்னையறியாமல் அதன்மீது கை வைத்தேன்.

நான் கடற்கரையில் பிறந்தவன். தந்தை கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கட்டுமரம் என்னும் நம் சொல் சிறிது திரிந்து ஆங்கிலத்தில் குடியேறி, இன்று உலகெங்கும் ஈருடல் படகுகளுக்குப் பெயராய் வழங்குகிறது. குருமடம் புகுந்தபின் நான் துடுப்பைத் தொட்டது விடுமுறை நாள்களில் மட்டுமே. மேசைக்குப் பின்னிருந்த பெண், "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டார், "பெயர் என்ன?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. பெயரை எழுதிக் கொடுத்தேன். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் என் உடன்பிறந்த அண்ணன்கூட என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'சாமி' என்பதே என் பெயராகியிருந்தது. ஒட்டுச் சொல் எதுவுமின்றி என் பெயரை மட்டும் எழுதியபோது, பழைய சட்டை ஒன்றை மீண்டும் அணிந்ததுபோல் இருந்தது.

எண்மர் படகைப் பார்த்திராத வாசகர்களுக்குச் சிறிது சொல்லுகிறேன். ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் நீளம். அகலமோ ஓர் ஆள் அமரும் அளவே. எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராய் அமர்வர். ஆளுக்கு ஒரே துடுப்பு. இருக்கை தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் உருளும். பாதங்களோ படகில் பொருத்திய காலணிகளுக்குள் கட்டுண்டிருக்கும். வலிப்பவர் எட்டுப் பேரும் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்ந்திருப்பர். பின்முனையில் அவர்களை நோக்கி அமர்ந்து சுக்கானைப் பிடிக்கும் ஒன்பதாமவர் மட்டுமே வழியைக் காண்பார். அவரைக் 'காக்ஸ்' என்பர். எங்கள் காக்ஸ் ஒரு மருத்துவ மாணவி. உருவம் சிறிது, குரல் பெரிது.

கட்டுமரத்தில் நாம் போகும் திசையைப் பார்த்தே துடுப்பிடுவோம். அலை எழும்புவதையும் காற்று மாறுவதையும் நம் கண்ணே காணும். இங்கோ நான் கண்டதெல்லாம் கடந்து வந்த நீரும், முன்னால் இருப்பவரின் முதுகுமே. முதல் வாரம் அது பெருந்துன்பமாய் இருந்தது. கடலறிந்தவன் என்னும் செருக்கும் உதவவில்லை. துடுப்பின் அலகு கோணலாய் நீருள் புகுந்து சிக்கிக்கொண்டால் அதனை 'நண்டு பிடித்தல்' என்பது அவர்கள் வழக்கு. எங்கள் ஊரில் நண்டு பிடித்தால் வீட்டில் குழம்பு மணக்கும்; இங்கே படகே நின்றுவிடும். முதல் நாளில் மட்டும் ஆறு நண்டு பிடித்தேன். "உங்கள் ஊரில் இதுதான் தொழிலா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தனர். அந்த நாட்டில் என்னைக் கேலி செய்யும் அளவுக்கு எவரும் நெருங்கி வந்தது அதுவே முதன்முறை.

நட்பு வளர்ந்தது பெரும்பாலும் ஆற்றில் அன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1766ஆம் ஆண்டு முதல் மழைக் கணக்கு வைத்துள்ளனர். அந்தக் கணக்கிலேயே மிக நனைந்த இலையுதிர் காலம் 2000ஆம் ஆண்டினது. தேம்ஸ் நதிக்கு ஆக்ஸ்போர்டில் 'ஐசிஸ்' என்று பெயர். அது கரைபுரண்டு ஓடியது. வாரக்கணக்கில் படகு இறக்க இயலவில்லை. துடுப்பு வலிப்பதுபோல் பயிற்சி தரும் இயந்திரங்கள் வரிசையாய் நின்ற ஒரு தாழ்ந்த கூடத்தில், காலை ஆறு மணிக்கு, மூச்சு வாங்க, வியர்வை சொட்ட அமர்ந்திருந்தோம். அழகு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஆயினும் களைத்துப்போன மனிதர் நடிப்பதில்லை. எவர் எளிதில் சினம் கொள்வார், எவர் வலியை மறைப்பார், எவர் பிறர் சோர்ந்தபோது ஒரு சொல் சொல்லி நிமிர்த்துவார் என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. கருத்தரங்கில் ஈராண்டு அருகமர்ந்தாலும் இவற்றை அறிவது கடினம்.

படகில் ஒவ்வோர் இருக்கைக்கும் எண் உண்டு. முன்முனையில் ஒன்று, காக்ஸ் எதிரே எட்டு. எனக்கு ஐந்தாம் இருக்கை. "ஐந்து, தாமதிக்கிறாய்", "ஐந்து, நன்று" என்று காக்ஸின் குரல் ஒலிக்கும். மனிதரை எண்ணால் அழைப்பது சிறைக்கூடத்து வழக்கம் என்று முதலில் தோன்றியது. பின்னர் அந்த எண்ணின் பெருமை புலப்பட்டது. எட்டு இருக்கையுள் ஒன்று ஒழிந்தாலும் அந்தக் காலையில் பயிற்சி நடவாது. ஒருநாள் காய்ச்சலால் நான் எழவில்லை. ஆறே கால் மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மழையில் நனைந்தபடி இருவர் நின்றனர். "ஐந்து, உடம்புக்கு என்ன?" மூன்று வாரம் ஒலியாத அந்தக் கதவு இப்போது ஒலித்தது. என் வராமையைக் கவனிக்கும் ஓரிடம் அந்த நாட்டில் எனக்கு உண்டாகிவிட்டது.

தோழர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாம் இருக்கையில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். அவர் முகத்தைவிட முதுகையே நான் மிகுதியாய் அறிவேன். அவர் வீட்டிலிருந்து நல்ல செய்தி வந்ததா, கெட்ட செய்தி வந்ததா என்பதை அந்தத் தோள்களே சொல்லிவிடும். ஏழில் கடவுள் நம்பிக்கையில்லாத ஒரு கணித மாணவர்; எட்டில் யூத இளைஞர் ஒருவர். பயிற்சிக்குப்பின் உணவுக்கூடத்தில் ஓட்ஸ் கஞ்சி குடித்தபடி எல்லாம் பேசுவோம். நான் குருவானவர் என்பது அவர்களுக்கு இரண்டாம் மாதத்தில்தான் தெரிந்தது. கணித மாணவர் சற்று யோசித்து, "அப்படியானால் நாங்கள் திட்டும்போது நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டார். "மூச்சு இருந்தால்தானே சொல்வதற்கு!" என்றேன். அதன்பின்னும் நான் 'ஐந்து' ஆகவே இருந்தேன்.

குருமடத்தில் நட்பைப் பற்றிப் பாடமாய்ப் படித்திருந்தோம். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் இரண்டு புத்தகங்களை நட்புக்கே ஒதுக்கி, பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்பண்பு கருதிய நட்பு என மூன்றாய்ப் பகுக்கிறார். நண்பர்கள் சேர்ந்து உப்பு உண்ணாமல் ஒருவரையொருவர் அறிவதில்லை என்னும் பழமொழியையும் அவர் நினைவூட்டுகிறார். தூய அக்குவினாஸ் தோமா இறையன்பையே நட்பு என்னும் சொல்லால் விளக்கத் துணிந்தவர். விளையாட்டும் ஒரு நற்பண்புக்கு உரியதே என்று அவர் எழுதும் இடத்தில், காசியானிடமிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். புனித யோவான் சீடர்களோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறல்பட்டனராம். வில் வைத்திருந்த ஒருவரை அவர் தொடர்ந்து அம்பு எய்யச் சொன்னாராம். இப்படி ஓயாமல் எய்தால் வில் முறிந்துவிடும் என்று அவர் சொல்ல, மனமும் அப்படியே என்று யோவான் விடையளித்தாராம். இவற்றையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன்தான் நான். சேர்ந்து உண்ணும் உப்பு சில வேளை வியர்வையின் உப்பாகவும் இருக்கும் என்பதை அந்தக் கூடமே கற்பித்தது.

2001 பிப்ரவரியில் ஓர் இரவு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "சாமி, அப்பா போயிட்டாரு" என்றார். மேற்கொண்டு பேச அவரால் இயலவில்லை. எங்கள் கடற்கரையில் இறந்தவரை மறுநாளைக்கு மேல் வைத்திருப்பதில்லை. நான் இலண்டன் சென்று, விமானம் ஏறி, திருவனந்தபுரம் வழியாய் ஊர் சேருமுன் அடக்கம் முடிந்துவிடும். ஊரார் அடக்கத்திற்கெல்லாம் முன்னின்ற மகன் தந்தையின் அடக்கத்திற்கு இல்லை. மறுநாள் மாலை மாணவர் சிற்றாலயத்தில் அவருக்காகத் திருப்பலி நிறைவேற்றினேன். இரண்டு மூன்று பேரை எதிர்பார்த்தேன். பின் இருக்கைகளில் எண்மரும் காக்ஸும் வந்து அமர்ந்திருந்தனர். என்னைத் தவிர்த்தால் எட்டுப் பேர். அவர்களுள் இருவரே கத்தோலிக்கர். ஏனையோர் எப்போது எழுவது, எப்போது அமர்வது என்று தெரியாமல் அந்த இருவரைப் பார்த்துப் பார்த்து எழுந்தனர், அமர்ந்தனர். முடிந்தபின் எவரும் ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. கணித மாணவர் மட்டும், "உன் தந்தையின் படகு எப்படி இருக்கும்? சொல்" என்றார். மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைப்பது, கரை சேர்ந்தபின் அவிழ்த்துக் காய வைப்பது, கொண்டல் காற்று, கச்சான் காற்று என்று ஒரு மணி நேரம் பேசினேன். துக்க வீட்டில் செய்யவேண்டியதை அவர்கள் செய்தார்கள், எவரும் கற்றுக்கொடுக்காமலே.

அடுத்த நாள் காலை நான் போக எண்ணவில்லை. ஆறு மணிக்குப் படுக்கையில் விழித்துக் கிடந்தேன். எட்டுப் பேர் இருட்டில் எனக்காகக் காத்திருப்பர் என்னும் நினைவு எழுப்பியது. போனேன். காக்ஸ் என்னைப் பார்த்து, "ஐந்து, உட்கார்" என்றார். அவ்வளவே. அந்த ஒரு மணி நேரம் நான் துக்கத்தை மறக்கவில்லை. ஆனால் அதனை நான் ஒருவனே சுமக்கவில்லை.

அங்கு நடக்கும் போட்டியும் வியப்புக்குரியது. ஆறு குறுகலானது; பல படகுகள் பக்கம் பக்கமாய் ஓட இடமில்லை. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாய், ஒன்றரைப் படகு நீள இடைவெளி விட்டு நிறுத்துவர். வெடி வெடித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் புறப்படும். முன்னுள்ள படகைத் துரத்திச் சென்று முட்ட வேண்டும். பின்னுள்ளது முட்டுமுன் தப்ப வேண்டும். முட்டியதும் முட்டப்பட்டதும் மறுநாள் இடம் மாறிப் புறப்படும். 1815ஆம் ஆண்டளவில் தொடங்கிய வழக்கம் என்பர். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முறை மோதிய 1829க்கும் முந்தியது. கோடைப் போட்டி நான்கு நாள் நடைபெறும். நான்கு நாளும் முட்டியவர்க்குத் துடுப்பில் பெயர் எழுதித் தருவர். 2002 மே மாதம் எங்கள் படகு கீழ்ப் பிரிவொன்றில் போட்டியிட்டது. இரண்டு நாள் முட்டினோம், ஒருநாள் முட்டப்பட்டோம், ஒருநாள் ஒன்றுமே நிகழவில்லை. எந்த நூலிலும் எழுதப்படாத வெற்றி! ஆனால் முதல் நாள் எட்டுத் துடுப்பும் ஒரே ஓசையாய் நீரில் புகுந்த சில நொடிகள் உண்டு. படகு நீருக்கு மேல் எழுந்ததுபோல் தோன்றியது. என் கை எது, முன்னிருப்பவர் கை எது என்று பிரித்தறிய முடியவில்லை. கரைமடி இழுக்கும்போது அம்பாப் பாட்டின் ஒரு சொல்லில் எல்லாக் கைகளும் ஒன்றாகும் நொடியை எங்கள் ஊரார் அறிவர். அதுவே இது.

எனினும், கழகங்களுக்கு நிழலும் உண்டு. அத்தகைய படகுக் கழகங்கள் நெடுங்காலம் செல்வர் வீட்டு ஆண் மக்களுக்கே உரியனவாய் இருந்தன. பெண்களின் ஆக்ஸ்போர்டு–கேம்பிரிட்ஜ் போட்டி 1927இலேயே தொடங்கியும், ஆண்கள் ஓடும் அதே தேம்ஸ் தடத்தில் அதே நாளில் அவர்களும் ஓட 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மதுக் கிண்ணமின்றி மகிழ்ச்சியில்லை என்று எண்ணும் இளைஞர்களும் இருந்தனர். இவற்றைவிட என்னை உறுத்தியது வேறொன்று.

இரண்டாம் ஆண்டில் அமைதியான மாணவர் ஒருவர் எங்களோடு குளிர்காலம் முழுதும் உழைத்தார். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில், அவரினும் வலிமையான ஒருவர் கிடைத்ததால் அவரைப் படகிலிருந்து இறக்கினர். விளையாட்டில் இது இயல்பு என்பர். பின்னர் அவரை எவரும் காணவில்லை. ஒரு மாலை அவர் அறைக்குச் சென்றேன். தேநீர் தந்தார். நெடுநேரம் வேறு செய்திகள் பேசினார். இறுதியில், "படகில் இடம் போனதுகூடப் பரவாயில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு விழித்தேன், எனக்குப் போவதற்கு ஓரிடமும் இல்லை" என்றார். ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் எல்லை ஒன்றை வரைந்தால், அதற்கு வெளியே ஒருவர் நிற்கத்தான் செய்வார். அந்த ஆண்டிறுதியில் அவர் மலை நடைக் கழகம் ஒன்றில் சேர்ந்தார்; அங்கே எவரையும் எவரும் முந்த வேண்டியதில்லை என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவரைத் தேடி நான் சென்றதைக் காக்ஸ் அறிந்து, அடுத்த முறை ஒருவரை இறக்க நேர்ந்தால் மறுநாள் காலை அவரோடு கஞ்சி குடிக்க ஒருவர் செல்ல வேண்டும் என்று விதி செய்தார். சிறிய விதிதான். பல பெரிய அமைப்புகளில் அதுகூட இல்லை.

நான் ஊர் திரும்பிக் கடற்கரைப் பங்கொன்றில் பொறுப்பேற்றேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எங்கள் கரையை வாரிச் சுருட்டியது. தொலைபேசி மீண்டும் இயங்கத் தொடங்கியபோது வெளிநாட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு ஆறாம் இருக்கையினுடையது. ஒருபோதும் நம் நாட்டை மிதித்திராத அவர் என் ஊரின் பெயரைத் தவறின்றி உச்சரித்தார்; கஞ்சிக் கிண்ணத்தின் முன் நான் சொன்ன கதைகளில் கேட்ட பெயர். "எத்தனை படகு போயிற்று?" என்று கேட்டார். மீனவன் ஒருவன் கேட்கும் கேள்வி அது. சில மாதத்தில் அவர்கள் சேர்த்து அனுப்பிய தொகை வலைகளாய் மாறியது.

புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத் தொடக்கத்தில், தம்மையும் தம் உடன்பணியாளரையும் குறிக்க 'ஹுப்பெரேத்தேஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைக் கையாள்கிறார். 'கீழிருந்து துடுப்பு வலிப்பவர்' என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். பவுலின் காலத்தில் அது வெறும் 'பணியாளர்' என்ற பொருளிலேயே வழங்கியது; ஆகவே வேர்ப்பொருளை வைத்துப் பெரிய மறையுரை கட்டுவது முறையன்று. ஆனாலும் ஈராண்டு ஒருவர் முதுகைப் பார்த்தபடி, போகுமிடம் காணாமல், காண்பவரின் குரலை நம்பித் துடுப்பு வலித்த எனக்கு, அச்சொல்லைக் காணும்தோறும் தோள்கள் சற்று வலிக்கின்றன.

அன்புக்குரிய பெற்றோரே, நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் சென்னைக்கும் கோவைக்கும், கடல் கடந்தும் படிக்கச் செல்கின்றனர். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்னும் அச்சம் நம்மிடம் இன்னும் உண்டு. கைப்பேசியில் நாள்தோறும் அவர்கள் முகத்தைக் காண்கிறோம். அதனால் அவர்கள் தனித்தில்லை என்று எண்ணிக்கொள்கிறோம். கைப்பந்தோ, கபடியோ, நடைக்குழுவோ, பாடற்குழுவோ, ஏதேனும் ஒன்றில் அவர்களைச் சேரச் சொல்லுங்கள். வெல்வதற்காக வேண்டாம். "சாப்பிட்டாயா? படித்தாயா?" என்று கேட்பதோடு இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: "நாளைக் காலை நீ போகாவிட்டால், உன் கதவை வந்து தட்டுபவர் யார்?" அதற்கு ஒரு பெயரை அவர்கள் சொல்வார்களானால், நீங்கள் நிம்மதியாய் உறங்கலாம்.